பாலைவழியில் பங்குக் கணக்கு

நண்பர்கள் கூடிப் பயணம் போவது என்று முடிவானதும் முதலில் எழுகிற கேள்வி, எங்கே போவது என்பது. அடுத்து எழுகிற கேள்வி, தலைக்கு எவ்வளவு என்பது. முதற் கேள்விக்கு விடை காண மணிக்கணக்கில் மகிழ்ச்சியோடு பேசுகிறோம். இரண்டாம் கேள்விக்கோ ஒரு நிமிடத்தில் விடை கண்டுவிடுகிறோம். மொத்தச் செலவைத் தலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தீர்ந்தது. இன்று அந்த வேலையையும் கைப்பேசிச் செயலி செய்துவிடுகிறது. வழியில் குடித்த தேநீரைக்கூடப் பைசா பிசகாமல் பிரித்துக் காட்டுகிறது. கணக்கு நேராயிற்று, ஆகவே நீதியும் நேராயிற்று என்று எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணம் சரிதானா என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் வினா.

வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயின், நட்பு முறிவதும் மனிதன் தலைகுனிவதும் பெரும்பாலும் இத்தகைய சிறு கணக்குகளில்தாம் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் விடியற்காலையில் சாலைக்கு வருவோர், இப்போதெல்லாம் கியர் வைத்த மலைமிதிவண்டிகளில் இளைஞர்கள் கூட்டமாகச் செல்வதைக் காணலாம். மலை இவர்கள் கண்ணெதிரிலேயே நிற்கிறது. ஆனால், அந்த மலைக்குள் நினைத்தபடி வண்டி ஓட்டவும் கூடாரம் அடிக்கவும் இயலாது. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அக்காடு, 2021 முதல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துள் அடங்கிவிட்டது. சதுரகிரி மலைக்கும்கூடக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுத்தான் மக்கள் செல்ல முடியும். காட்டுயிர்களுக்கு அமைதி வேண்டும் என்பதால் எழுந்த இந்தக் கட்டுப்பாட்டில் குறை காண்பதற்கில்லை. ஆகவே, கூடாரத்தில் ஓரிரவு உறங்க ஆசைப்படும் இளைஞர்கள் மலைக்கு முதுகு காட்டித் தென்கிழக்கே திரும்புகிறார்கள். சங்கரன்கோவில், திருநெல்வேலி, பிறகு தாமிரபரணிக் கரையோரமாகத் திருவைகுண்டம் எனச் சுமார் 150 கிலோமீட்டர் மிதித்தால், திருச்செந்தூருக்கு அருகில் தமிழ்நாட்டின் பாலை கண்ணில் படுகிறது. அதுவே தேரிக்காடு.

தேரி என்பது செம்மணல் மேடு. மணல்துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு அதற்கு அந்தக் குருதிச் சிவப்பைத் தருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களைக் கடந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் அம்மணலை அள்ளி இடம் மாற்றிப் போடும். குதிரைமொழித் தேரி அவற்றுள் பேர் பெற்றது. புவியியலார் கணக்கில் இது முழுப் பாலைவனம் ஆகாது. வடகிழக்குப் பருவமழை இங்கும் பெய்கிறது. பனையும் உடையும் முந்திரியும் வளர்கின்றன. மணலுக்கு நடுவே நீர் ஊறும் சுனையும் உண்டு. அருஞ்சுனை காத்த அய்யனார் என்று அதன் காவல் தெய்வத்துக்கே மக்கள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆயினும் நண்பகலில் அந்த மணல்மேல் நிற்பவனுக்குப் பாலை என்ற சொல்லைத் தவிர வேறு சொல் தோன்றாது.

பாலை தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு இழந்தபோது அவை கொள்ளும் வடிவமே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. சங்கப் பாடல்களில் அந்த நிலத்தைக் கடப்பவன் பெரும்பாலும் பொருள் தேடிப் போகிறவன். இல்லத்தில் அரிசி இல்லை, சுற்றத்தாருக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. ஆதலால் மனைவியைப் பிரிந்து வெயிலில் நடக்கிறான். நம் முன்னோர் பொருள் ஈட்டப் பாலையில் நடந்தார்கள். நாமோ பொருளைச் செலவிட்டுப் பாலைக்குப் போகிறோம். காலம் அவ்வளவு மாறியிருக்கிறது. எனினும், பாலையும் பணமும் இன்றும் பிரியவில்லை.

இளைஞர் மகிழ்ச்சிக்காகப் பயணம் போவதே வீண் செலவு என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. விளையாட்டும் ஓய்வும் ஆன்மாவுக்குத் தேவை என்றும், அவற்றை அளவோடு நாடுவது நற்பண்பே என்றும் புனித தோமா அக்குவினார் கற்பித்தார். எப்போதும் வளைத்தே வைத்த வில் வலுவிழந்துவிடும் என்று நற்செய்தியாளர் யோவான் ஒரு வேடனுக்கு உணர்த்தியதாக வழங்கும் பழங்கதையையும் அவர் அங்கே எடுத்தாள்கிறார். ஆகவே போகலாமா என்பதைவிட, எப்படிப் போவது, யாருடைய கையிருப்பை அளவாகக் கொண்டு போவது என்பதே நாம் ஆராய வேண்டியது.

நாம் அறிந்த ஐந்து நண்பர்களின் கதை இதற்கு உதவும். பள்ளியில் ஒரே வரிசையில் அமர்ந்தவர்கள். ஒருவர் குடும்பத்தின் நூல் வணிகத்தைக் கவனிக்கிறார். ஒருவர் வங்கியில் பணி செய்கிறார். ஒருவர் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். ஒருவர் திருவில்லிபுத்தூரில் பால்கோவா கடையில் வேலை பார்க்கிறார். ஐந்தாமவர் இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறியில் நாட்கூலிக்கு நிற்கிறார். தேரிக்குப் போகத் தலைக்கு 2,000 ரூபாய் என்று முடிவாயிற்று. சிக்கனமாகத்தான் போட்டோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். புறப்படும் நாளுக்கு முதல்நாள் தறிக்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நால்வர் போய்வந்தனர். அது காய்ச்சலன்று என்பது ஓராண்டு கழித்து, வேறொரு பேச்சின் நடுவே, தற்செயலாக வெளிப்பட்டது. நண்பர்களை அது மிகவும் வருத்திற்று. கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே என்பதே அவர்கள் நம்மிடம் திரும்பத் திரும்பச் சொன்னது.

அந்தக் கணக்கைச் சற்று உற்றுநோக்குவோம். எல்லாருக்கும் 2,000 என்றால் அது சமம்போல் தெரிகிறது. வங்கிக்காரருக்கு அது ஒரு மாலைச் செலவு. தறிக்காரருக்குப் பல நாள் உழைப்பு. அம்மட்டோ! போகவர நான்கு நாள். வங்கிக்காரருக்கு அந்த நான்கு நாளும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு. தறிக்காரருக்கு நான்கு நாள் கூலி இழப்பு. அந்த இழப்பை எந்தச் செயலியும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக, சமமாக வகுத்த அன்றே அவர் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் செலுத்த வேண்டியவராகிவிட்டார். எண்ணில் சமம் என்பது சுமையில் சமம் ஆகாது.

அப்படியானால், இருப்பவர் இல்லாதவருக்காகக் கட்டிவிடலாமே என்று கேட்கலாம். நல்ல மனத்தோடு கேட்கும் கேள்விதான். ஆயின், இதில் ஒரு நுட்பமான தீங்கு மறைந்திருக்கிறது. பிறர் பணத்தில் வந்தவன் பாத்திரம் கழுவ முதலில் எழுந்திருப்பான். எந்த வழி போகலாம் என்ற விவாதத்தில் வாய்திறக்க மாட்டான். பிடிக்காததையும் பிடித்ததாகச் சொல்வான். யாரும் அவனை ஏவவில்லை. ஆனாலும் நால்வர் நண்பர்களாகவும் ஒருவன் கடனாளியாகவும் அந்த மணலில் அமர்ந்திருப்பார்கள். நட்பைப் பற்றித் தம் அறநூலில் விரிவாக ஆராய்ந்த அரிஸ்டாட்டில், நண்பர்களிடையே ஒருவகைச் சமநிலை வேண்டும் என்றும், இடைவெளி மிகப் பெரிதாகிவிட்டால் நட்பு நிலைக்காது என்றும் கண்டார். நாம் இரக்கத்தால் செய்யும் உதவியே சில வேளைகளில் அந்த இடைவெளியை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறது.

இங்கே மிதிவண்டிப் பயணமே நமக்கு ஆசானாக அமைகிறது. கூட்டமாக மிதிப்போர் எவரும் அறிந்த நெறி ஒன்றுண்டு: குழுவின் வேகம் என்பது கடைசியில் வருபவனின் வேகம். முன்னே பறந்தவன் புளியமரத்தடியில் காத்திருக்கிறான். பின்தங்கியவன் வந்ததும் அவனுக்கும் மூச்சு வாங்க நேரம் கொடுத்துப் புறப்படுகிறான். கால் வலுத்தவன் கூடுதலாக இரண்டு தண்ணீர்ப் புட்டிகளைக் கட்டிக்கொள்கிறான். அதை யாரும் தருமம் என்று சொல்வதில்லை. சுமக்க முடிந்தவன் சுமக்கிறான், அவ்வளவே. மெதுவாக வந்தவனும் அதற்காகப் பாத்திரம் கழுவ முந்துவதில்லை.

அப்படியானால் கால் மெலிந்தவனிடம் நாம் காட்டும் இயல்பான நேர்மையைப் பை மெலிந்தவனிடம் ஏன் காட்டுவதில்லை? மெதுவாக மிதிப்பது வெட்கமில்லை, குறைவாகச் சம்பாதிப்பது வெட்கம் என்று நமக்கு யார் கற்பித்தார்கள்? உடல்வலிமை இயற்கை தந்தது, பணமோ தன் தகுதியால் வந்தது என்று உள்ளுக்குள் நம்புகிறோம் போலும். நூல் வணிகம் செய்யும் நண்பர் அந்த வணிகத்தைப் பிறப்பிலேயே பெற்றார். தறிக்காரர் அந்தத் தறியைப் பிறப்பிலேயே பெற்றார் என்று சொன்னால் அதிகம் பிழையாகாது. உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒருவன் கைக்கு எட்டுவது அவன் உழைப்பினால் மட்டும் முடிவாவதில்லை என்பதை, பகல் முழுதும் தறியோசை கேட்கும் ஊர்களில் வாழும் நமக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே நாம் கருதும் நெறி இது: வேகத்தைக் கடைசியில் வருபவன் முடிவு செய்வதுபோல, பொதுச் செலவின் அளவைக் குறைந்த கையிருப்பு உடையவன் முடிவு செய்யட்டும். சிக்கனப் பயணம் என்பதற்கு அப்போதுதான் அறப் பொருள் பிறக்கிறது. வசதியுள்ளவன் தன் பணத்தை மிச்சம் பிடிக்கச் சிக்கனமாகப் போவது திறமை. எல்லாரும் வரவேண்டும் என்பதற்காகச் சிக்கனமாகப் போவது நட்பு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இருப்பவனுடைய நியாயமான ஆசையை ஏன் அடக்க வேண்டும்? நல்ல கூடாரமும் நல்ல உணவும் பாவமா? எல்லாரையும் தாழ்ந்த மட்டத்துக்கு இழுப்பதா நீதி? நாம் அறிந்த அந்த ஐவரிடமும் இது நேர்ந்தது. மறு ஆண்டு தலைக்கு 500 ரூபாய் என்று வைத்தார்கள். வாடகைக் கூடாரத்துக்குப் பதில் தார்ப்பாய். ஓட்டல் சாப்பாட்டுக்குப் பதில் வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, மிளகாய்ப்பொடி. தறிக்காரர் தம் தம்பிக்குப் பள்ளியில் கிடைத்த அரசின் விலையில்லா மிதிவண்டியில் வந்தார். நூல் வணிகரோ, இப்படிப் போவதென்றால் தமக்கு விருப்பமில்லை என்று வரவில்லை. ஆகவே இம்முறையும் நால்வரே போனார்கள்.

அப்படியானால் என்ன பயன் என்று தோன்றும். ஆயின் இரண்டு விலகல்களும் ஒன்றல்ல. முதல் ஆண்டில் ஒருவர் விரும்பியும் வர இயலாமல் நின்றார். அதை மறைக்கப் பொய்யும் சொல்ல நேர்ந்தது. மறு ஆண்டில் ஒருவர் வர இயன்றும் விரும்பாமல் நின்றார். காரணத்தை நேராகச் சொன்னார். இயலாமையால் நின்றவனுக்காக நாம் ஏதேனும் செய்தாக வேண்டும். விருப்பமின்மையால் நின்றவனை மதிக்கலாம், அழைத்துக்கொண்டே இருக்கலாம். கதவு அவனுக்குத் திறந்தே இருக்கிறது. நல்ல கூடாரம் பாவமன்று. நண்பனை வெளியே நிறுத்திவிட்டு அதற்குள் படுப்பதுதான் உறுத்த வேண்டும்.

செய்யும் முறையிலும் அறம் இருக்கிறது. கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே என்ற சொல்லை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். நண்பனின் உதவிக்கு உவமை தேடிய வள்ளுவர், உடை நழுவும்போது தானாக விரையும் கையைக் கண்டார். பசித்தவனுக்குச் சோறிடும் கை, விழுந்தவனைத் தூக்கும் கை என எத்தனையோ உவமை இருக்க, மானம் காக்கும் கையையே அவர் தேர்ந்தது ஏன் என்று சிந்திக்க வேண்டும். அந்தக் கை கேட்கும்வரை காத்திருப்பதில்லை. காத்தபின் நினைவூட்டுவதும் இல்லை. தொகையை அறிவித்துவிட்டு, முடியாதவர் சொல்லலாம் என்பது, உடை முழுதும் நழுவட்டும் பிறகு பிடிப்போம் என்பது போன்றது. தொகையைப் பேசுமுன்பே ஒவ்வொருவர் நிலையையும் எண்ணிப் பார்ப்பவனே அந்தக் கையாகிறான்.

எனினும் குறைக்கக் கூடாத செலவுகளும் உண்டு. தலைக்கவசம், சரியான தடுப்புக்கட்டை, முதலுதவிப் பெட்டி, உடைமுள் குத்தும் என்பதால் மாற்று டியூப், தேவைக்கு மேலான குடிநீர் ஆகிய இவற்றில் மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று, உயிரோடு விளையாடுவது. அனுமதியும் அவ்வாறே. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்க, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே தமிழ்நாட்டு அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வகுத்தது. குதிரைமொழித் தேரியும் காப்புக்காடுதான். வனத்துறையின் இசைவின்றி உள்ளே இரவு தங்குவது முறையன்று. அந்த நால்வரும் தேரியின் விளிம்பில், உரிமையாளர் இசைவு பெற்று, ஒரு பனந்தோப்பில் தங்கினார்கள். இத்தகைய இன்றியமையாச் செலவுகள் குறைந்த கைக்கு எட்டாதபோது, இருப்பவர் அவற்றைத் தண்ணீர்ப் புட்டிபோல் தம் சுமையாக ஏற்றுக்கொள்ளலாம். வங்கிக்காரர் அப்படித்தான் மருந்தையும் டியூபையும் கொண்டுவந்தார். கணக்கில் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

தளர்ந்த மணலில் சக்கரம் புதையும். டயரின் காற்றைச் சற்று இறக்கினால் சிறிது தூரம் ஓட்டலாம். அதன் பிறகு இறங்கி உருட்டத்தான் வேண்டும். விலையுயர்ந்த மலைமிதிவண்டியும் விலையில்லா மிதிவண்டியும் அங்கே ஒன்றுபோல் உருட்டப்படுகின்றன. உருட்டிச் செல்வோர் எதிரில் வேறொருவரையும் காண்பார்கள். அவர்தாம் பனையேறி. பதநீர்ப் பருவத்தில் நாள்தோறும் பல பனைகள் ஏறி இறங்குகிறவர் அவர். விடிலியில் அவர் மனைவி புகையின் நடுவே பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்க்கிறார். இளைஞர்கள் விரும்பி ஓரிரவு ஏற்கும் மணலும் வெயிலும் ஓலைநிழலும் அந்தக் குடும்பத்துக்குப் பிழைப்பு. விரும்பி ஏற்ற எளிமை வேறு. விதிக்கப்பட்ட வறுமை வேறு. முன்னது எந்த நேரமும் வீடு திரும்பலாம்; பின்னதற்கு அந்த வழி இல்லை. ஒரு பட்டை பதநீருக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசி, பயணத்தை மலிவாக முடித்தோம் என்று பெருமை கொள்பவன், தன் சிக்கனத்துக்கான விலையைப் பனையேறியின் தலையில் ஏற்றிவிடுகிறான். தோப்பில் விட்டுவரும் நெகிழிக் குப்பையும் அவ்வாறே. நாம் செலுத்தாத செலவை வேறொருவர் குனிந்து பொறுக்கிச் செலுத்துகிறார். எனவே, எவ்வளவு மலிவு என்று கேட்டபின் யார் செலவில் மலிவு என்றும் கேட்டாக வேண்டும்.

பாலையில் கூடாரமடித்து வாழ்ந்த ஒரு மக்களின் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் ஆலயத்தில் கேட்கிறோம். மன்னா பெய்த காலையில் சிலர் மிகுதியாகச் சேர்த்தார்கள், சிலர் குறைவாகச் சேர்த்தார்கள். ஓமர் என்னும் படியால் அளந்தபோது மிகுதியாகச் சேர்த்தவருக்கு மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. மறுநாளுக்கென்று சிலர் ஒளித்து வைத்தது புழுத்துப்போயிற்று. அவரவர் சேர்த்த அளவு அப்படியே பங்கு ஆகவில்லை. அவரவர் உண்ணும் தேவையே பங்கு ஆயிற்று. பல நூற்றாண்டுகளுக்குப் பின், எருசலேமின் ஏழைகளுக்காக நிதி திரட்டிய திருத்தூதர் பவுல், கொரிந்து நகர மக்களுக்கு எழுதும்போது இந்நிகழ்ச்சியையே நினைவுகூர்ந்தார். அங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாலையில் அளவைச் சமப்படுத்தியது இறைவனின் செயல். கொரிந்திலோ மன்னா பெய்யவில்லை. நகரமும் வணிகமும் பணப்பையுமே இருந்தன. பாலையில் இறைவன் செய்ததை நகரத்தில் நீங்களே மனமுவந்து செய்யுங்கள் என்பதே அந்த மடலின் உட்கருத்து.

நம் தமிழில் ஆலய வட்டாரத்தைப் பங்கு என்று அழைக்கிறோம். கூறு, பாகம் என்பதும் அச்சொல்லின் பொருள்தான். ஒரே சொல் இரண்டையும் குறிப்பது நமக்கு நல்வாய்ப்பு. திருவிழா வரி, திருப்பயணப் பேருந்துக் கட்டணம், இளையோர் சுற்றுலா என எத்தனையோ தொகைகளை நாம் தலைக்கு இவ்வளவு என்று வகுக்கிறோம். வகுத்த மாலையில் சில வீடுகளில் திடீரென்று காய்ச்சல் வருகிறது; சில பிள்ளைகளுக்குத் திடீரென்று தேர்வு வருகிறது. வராதவர்களின் பட்டியலை ஆர்வமில்லாதவர்களின் பட்டியல் என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

அடுத்த முறை ஒரு தொகையை அறிவிக்கும் முன், அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை படிப்பது நல்லது. அதில் யார் விரும்பாமல் நின்றார், யார் முடியாமல் நின்றார் என்பது நமக்குத் தெரியாத செய்தி அன்று. ஒரே தெருவில் வாழ்கிறவர்கள் நாம். தெரிந்த அந்தச் செய்தியைத் தொகை முடிவான பின் அல்ல, முடிவாகும் முன் நினைத்துக்கொண்டால் போதும். பயணம் சற்று எளிதாக இருக்கும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்று குறையலாம். உடன் வரவேண்டியவர்கள் உடன் இருப்பார்கள்.